விசில் ஊதும் வரை

நல்லையாவின் மகன் தியாகு வாயைத் திறந்தாலே சிரித்துவிட வேண்டும் என்பது மலாக்கா நகரத்துக் காஜா பேராங் வட்டாரத்தில் ஏறக்குறைய ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. ஒரு தீபாவளியன்று அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் சுருண்டு விழுந்தபோது, அக்கம்பக்கத்தார் கூடி நின்று கைதட்டினார்கள். அன்று மாலையே அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் குடல்வாலை அறுத்தெடுக்க வேண்டியிருந்தது. "வலியிலகூட எப்படி நடிக்கிறான் பாரு" என்றுதான் ஊர் அதையும் பேசிற்று.

நல்லையா மலாக்கா ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். கித்தாத் தோட்டத்து லயத்தில், ரப்பர் பால் வெட்டுவோர் நடுவில் பிறந்தவர். பிறர் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டே நகரத்தில் ஒரு வீட்டுக்கும் வெள்ளைக் காற்சட்டைக்கும் உரியவரானவர். காஜா பேராங்கிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் தமிழ்ப் பையன் தம்முடைய மகன் என்பதை, கட்டுப் போட வந்த நோயாளிகள் வலியை மறக்கும் பொருட்டு அவர் சொல்லுவார். வலி இல்லாதவர்களுக்கும் சொல்லுவார்.

அந்த மகன் சிங்கப்பூரில் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதை அவர் முழுமையாக அறியமாட்டார். விஞ்ஞானப் பிரிவில் முதலாண்டு மாணவனான தியாகுவுக்கு, நாள் என்பது மாலையில்தான் விடிந்தது. விடுதியின் உணவுக்கூடத்தில் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு ஆங்கில நகைச்சுவை நிகழ்ச்சிக்கு ஒத்திகை நடக்கும். பேராசிரியர் சட்டைப் பையில் சுண்ணக்கட்டியைத் தேடும் விதத்தை அவன் செய்துகாட்டினால் சீன மாணவர்கள் தட்டால் மேசையில் அடித்து ஆர்ப்பரிப்பார்கள். அது முடிந்த கையோடு, சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடை மாடியில் தமிழ் மாணவர்களின் நாடகத்துக்கு ஓட வேண்டும். மிளகாய் மூட்டைகளின் நெடியில் எல்லாரும் தும்மிக்கொண்டே வசனம் பேசுவார்கள். வாரக் கடைசியில் பேருந்து ஏறி, வழியில் இரண்டு ஆறுகளை ஃபெரிப் படகில் கடந்து, சொந்த ஊரின் இளைஞர் நாடக மன்றத்தில் வேடம் கட்டிவிட்டுத் திரும்புவான். பகலில் வகுப்பில் உட்கார்ந்திருப்பான். உட்கார்ந்திருந்தான் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. சோதனைக்கூடத்தில் குடுவையைக் குலுக்கும்போது உதடுகள் வசனத்தை முணுமுணுக்கும். குடுவையில் என்ன நிறம் வந்தது என்று கேட்டால் தெரியாது.

எந்த அழைப்பையும் அவனால் மறுக்க முடிந்ததில்லை. மறுக்கவில்லை என்று சொல்வது சரியன்று. மறுப்பான், யாரும் நம்பமாட்டார்கள். "என்னால முடியாது, படிக்கணும்" என்று அவன் சொல்லும்போது புருவம் தானாகவே ஒரு பக்கமாக ஏறிவிடும். அதைக் கண்டதும் எதிரில் நிற்பவர் சிரித்துவிடுவார். சிரித்தவரின் முகத்தைப் பார்த்தவுடன் இவனுக்குள் ஏதோ ஒன்று உருகிப்போகும். ஒத்திகைக்குப் போய்விடுவான்.

ஆண்டுத் தேர்வில் வேதியியலில் தவறினான். முடிவு ஒட்டப்பட்டிருந்த பலகையின் முன்னிருந்து நேரே தன் அறைத் தோழன் தேவதாஸிடம் போனான்.

"டேய், நான் ஃபெயில்டா. கெமிஸ்ட்ரி போச்சு."

தேவதாஸ் கட்டிலில் புரண்டு சிரித்தான். "அந்தக் குரல்டா! அதே குரல்ல ஸ்டேஜ்ல சொல்லு, கூரை பிய்ச்சுக்கிட்டுப் போயிடும்."

செப்டம்பரில் மறுதேர்வு ஒன்று உண்டு. அதிலும் தவறினால் படிப்பு அத்தோடு முடிந்தது. மறுபடி அந்த வாசலை மிதிக்க முடியாது.

விடுமுறைக்கு வந்தவனை நல்லையா பேருந்து நிலையத்திலேயே எதிர்கொண்டார். பெட்டியைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேட்டார்: "என்னடா, பாஸா?"

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த விடையைத் தியாகு சொன்னான். "நான் ஃபெயில்ப்பா."

நல்லையா அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு அவர் வயிறு குலுங்கத் தொடங்கியது. எதிரே காப்பிக் கடையில் இருந்தவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். "இங்க பாருங்க லா! பாஸ் பண்ணிட்டு வந்து, பெத்தவன்கிட்டயே காமிக் காட்டுறான்!"

கடை முழுவதும் சிரித்தது. யாரோ காப்பி வாங்கிக் கொடுத்தார்கள். அந்த இடத்தில் இன்னொரு முறை சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தந்தையின் கை அவன் தோளில் கிடந்தது. அந்தக் கையின் கனம் அவனுக்கு இதமாக இருந்தது. காப்பியைக் குடித்தான்.

வீட்டில் உண்மையைக் கண்டுகொண்டவள் தங்கை விஜயா ஒருத்திதான். இரண்டாம் ஆண்டுக்குப் போகிறவன் முதலாண்டுப் புத்தகத்தை ஏன் அடுப்பங்கரையில் ஒளிந்து படிக்கிறான் என்று அவள் கேட்டாள், அவன் சொன்னான், அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்பாகிட்ட சொல்லிடுண்ணா."

"சொன்னேன். சிரிச்சாரு."

"மறுபடி சொல்லு."

"மறுபடியும் சிரிப்பாரு, விஜயா. பாஸ் பண்ணிட்டேன்னா, அப்புறம் சொல்ல வேண்டியதே இல்ல."

அந்த வாரங்களில் அவன் உண்மையாகவே படித்தான். புத்தகத்தின் மேல் தலையைக் கவிழ்த்து, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்தான். மலாயா நாட்டுக்கு விடுதலை கிடைத்து, தெருவெல்லாம் தோரணம் ஆடிய நாளில்கூட வெளியே வரவில்லை. தேறிவிடலாம் என்ற நம்பிக்கை வரத் தொடங்கிய சமயத்தில்தான் சேதுராமன் ஆள் அனுப்பினார்.

சேதுராமன் ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளர். நாடக மன்றத்தின் செயலாளர். விடுதலையைக் கொண்டாட மன்றம் ஒரு சரித்திர நாடகம் போடப்போகிறது. தோட்டங்களிலிருந்து லாரிகளில் வரும் குடும்பங்கள் இருட்டுமுன் திரும்ப வேண்டியிருப்பதால் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஆட்டம். மறுநாள் திங்கட்கிழமை காலை சிங்கப்பூரில் தியாகுவுக்கு மறுதேர்வு.

தியாகு கடைக்கே போய்ச் சொன்னான்: "அண்ணே, நான் வரல. திங்கக்கிழமை பரீட்சை. அதுல போனா என் படிப்பே போச்சு."

சேதுராமன் அளந்துகொண்டிருந்த துணியை மடியில் போட்டுக்கொண்டு, கடையிலிருந்த பெண்களைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டீங்களா? இப்படித்தான் ஆரம்பிப்பான்." பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"காமிக் இல்லண்ணே. நெசமாத்தான்."

"நோட்டீஸ்ல உன் பேரை ராஜா பேருக்கு மேல போட்டிருக்கேன்டா. முதல் சீன் முடிஞ்சதும் படுதாவுக்கு முன்னால வந்து நில்லு. பத்து நிமிஷம். உள்ள தர்பார் தயாரானதும் விசில் ஊதிடுவேன். வேஷத்தோடயே கிளம்பிடு. போதுமா?"

இந்த விசிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். காட்சி மாறும் இடைவேளையில் முன்திரைக்கு வெளியே வந்து கூட்டத்தைக் கட்டிப்போடுவது காமிக் நடிகனின் கடமை. உள்ளே எல்லாம் சித்தமானதும் செயலாளர் விசில் ஊதுவார். அது கேட்கும்வரை அவன் இறங்கக் கூடாது. கற்பூரம் காட்டித் தொடங்கிய மேடை, மங்களம் பாடி முடிக்கும்வரை ஒரு கணமும் ஆளில்லாமல் கிடக்கலாகாது என்பது அந்த மன்றத்தார் உயிரைப்போல் காத்துவந்த நியதி. ஒரு முறை பாதியில் மேடை வெறுமையாக நின்றதாம். அந்த ஆண்டுதான் ஜப்பான்காரன் வந்தானாம். தியாகு அதைக் கேலி செய்வான். ஆனால் ஒருபோதும் மீறியதில்லை.

அவன் ஒப்புக்கொண்டான். டாக்சிக்காரர் ஹாஜாவிடம் பேசி, ஆட்டக் கொட்டகை வாசலுக்கே வண்டியைக் கொண்டுவரச் சொன்னான்.

"தம்பி, ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் ஹாஜா. "காடியில இன்னும் மூணு பேர் இருக்காங்க. மூவார் ஃபெரியில ஞாயித்துக்கிழமை வரிசை நிக்கும். மலாக்கா மாதிரி இல்ல, அதுக்கு அப்பால ஜொகூர் இன்னும் கறுப்பு ஏரியா, காட்டுல கம்யூனிஸ்டுக்காரன் இருக்கான். இருட்டினா ஊரடங்குன்னு போலீஸ்காரன் ரோட்டை மூடிடுவான். நான் ஹாரன் அடிப்பேன். வரலன்னா போயிட்டே இருப்பேன். பொறவு என்னைத் திட்டப்படாது."

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிரம்பி வழிந்தது. புதுக் கொடியை மேடையின் இரு பக்கமும் கட்டியிருந்தார்கள். திரைக்குப் பின்னால் முகத்தில் மாவு பூசி, பாதி மீசையை மட்டும் வரைந்துகொண்டு, வேட்டியின் மேல் கோட்டும் முதுகுப் பக்கம் தொங்கும் கழுத்துப் பட்டையுமாகத் தியாகு நின்றிருந்தபோது, வெளியே சேதுராமன் பேசுவது கேட்டது. "நம்ம வட்டாரத்திலேருந்து பல்கலைக்கழகம் போய், இரண்டாம் ஆண்டுக்குத் தேறியிருக்கும் பிள்ளையைப் பெற்ற நல்லையா அவர்களுக்கு மன்றத்தின் சார்பில் பொன்னாடை!"

தியாகு திரையின் ஓட்டை வழியே பார்த்தான். ஆஸ்பத்திரிக் காற்சட்டையைத் தேய்த்து உடுத்தியிருந்த அவன் தந்தை, இரு கைகளையும் கூப்பி நான்கு திசையும் வணங்கினார். பொன்னாடை தோளிலிருந்து நழுவியது. அதைப் பிடிக்கக்கூட அவர் கைகளைப் பிரிக்கவில்லை. முன் வரிசையில் அவருக்காகப் போட்டிருந்த நாற்காலியில் போய் அமர்ந்தார். பக்கத்தில் விஜயா தலையைக் குனிந்திருந்தாள்.

முதல் காட்சி முடிந்தது. தியாகு முன்திரைக்கு வெளியே வந்தான். அவன் பேசுமுன்பே சிரிப்பு கிளம்பியது.

ஆயத்தமாக வைத்திருந்ததை எல்லாம் செய்தான். ஃபெரியில் சைக்கிளை மறந்து இறங்கியவனைச் செய்தான். துணிக்கடையில் முழம் போடும் சேதுராமனைச் செய்தான். புது நாட்டில் பழைய கடனைக் கேட்கலாமா என்று வாதாடும் செட்டியாரைச் செய்தான். பத்து நிமிடம் போயிற்று. விசில் இல்லை. மெல்லப் பக்கவாட்டுக்கு நகர்ந்து தட்டி மறைவில் கேட்டான்: "அண்ணே, விசில்?"

"ராஜா இன்னும் வரலடா" என்று சேதுராமன் கிசுகிசுத்தார். "ராஜா வேஷம் கட்டுற மருதமுத்துவுக்கு, பத்து பெரெண்டாம்ல இருக்கிற ஆகாய விமானத் திடல்ல தீயணைப்பு டியூட்டி. மாத்து ஆள் வந்தாத்தான் விடுவானுங்க. எனக்குக் காலையிலயே தெரியும். உன்கிட்ட சொன்னா நீ வரமாட்டேன்னுதான்…"

"அண்ணே!"

"போடா, போ! மேடை காலியாக் கெடக்குது!" அவர் அவனைப் பிடித்து வெளியே தள்ளினார். தள்ளப்பட்டவன் தடுமாறிவந்து மேடை நடுவில் நின்றதைக் கண்டு கொட்டகை கைதட்டியது.

அப்போது முதல் ஹாரன் ஒலித்தது.

தியாகு வாசலைப் பார்த்தான். கூட்டமும் திரும்பி வாசலைப் பார்த்தது. பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. ஹாரனும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். அவன் இன்னும் ஒன்று செய்தான். அதற்குப் பிறகு கைவசம் ஒன்றும் இல்லை. இரண்டாவது ஹாரன் நீண்டு ஒலித்தது. அவன் மறுபடி பக்கவாட்டுக்கு ஓடினான். சேதுராமன் மறுபடி தள்ளினார்.

ஒன்று அவனுக்கு விளங்கிற்று. கூட்டம் சிரிக்கும்வரை சேதுராமன் அவனை விடப்போவதில்லை. சிரிப்பு நின்று கூச்சல் எழுந்தால்தான், வேறு வழியின்றி ராஜா இல்லாமலேயே ஏதாவது ஒரு காட்சியைத் திறப்பார்கள். ஆகவே சிரிப்பை நிறுத்த வேண்டும்.

பேசாமல் நின்றான். சிரித்தார்கள். முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான். முதுகில் தொங்கிய கழுத்துப் பட்டையைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். கந்தக அமிலம் தயாரிக்கும் முறையை, புத்தகத்தில் உள்ளபடியே, முதல் வரியிலிருந்து ஒப்பித்தான். வாழ்நாளில் அதைவிட அலுப்பான எதையும் அவன் சொன்னதில்லை. பின் வரிசையிலிருந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி மூச்சு முட்டிப் பக்கத்திலிருந்தவள் மேல் சாய்ந்தாள். "போதும்டா பாவி, வயிறு வலிக்குது!" என்று யாரோ கத்தினார்கள்.

தியாகு மேடை விளிம்பில் மண்டியிட்டான். கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஐயா, அம்மா, சிரிக்காதீங்க. உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன். வெளிய நிக்குதே, அது நெசமான காடி. நாளைக்கு எனக்குப் பரீட்சை. என்னைப் போக விடுங்க."

மூன்றாவது ஹாரன், அந்த வசனத்துக்கென்றே காத்திருந்ததுபோல் ஒலித்தது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. கண்ணீர் அவன் கன்னத்து மாவைக் கரைத்து இரண்டு கோடுகளாக இறங்கியது. "அழுகையும் நல்லா வருது லா இவனுக்கு" என்றார் முன் வரிசையில் ஒருவர்.

நிமிர்ந்தபோது எதிரே தந்தை இருந்தார். எல்லாரையும்விட அதிகமாக அவர்தான் சிரித்துக்கொண்டிருந்தார். பொன்னாடையின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவரின் தொடையைத் தட்டி, மேடையைச் சுட்டிக்காட்டினார்.

"அப்பா" என்றான் தியாகு.

கூட்டம் ஆவலோடு முன்னால் சாய்ந்தது.

"அப்பா, அன்னிக்கு பஸ் ஸ்டேஷன்ல சொன்னேனே. நான் ஃபெயில்ப்பா. அது காமிக் இல்ல. கெமிஸ்ட்ரில போயிட்டேன். செகண்ட் இயர் எல்லாம் இல்ல. நாளைக்கு எழுதறதுதான் கடைசி."

சிரிப்பு வெடித்தது. நல்லையாவும் சிரித்தார். ஆனால் தொடையைத் தட்டப்போன கை பாதியில் நின்றது. அவர் விஜயாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தை மூடிக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தாள். அவர் மறுபடி மகனைப் பார்த்தார். வாய் இன்னும் சிரித்த கோலத்திலேயே இருந்தது, கண்கள் சிரிக்கவில்லை. அப்படியே எழுந்து நின்றார்.

முதலில் அடங்கியது முன் வரிசை. அவர் ஏன் எழுந்தார் என்று பார்க்கக் கழுத்தை நீட்டிய அடுத்த வரிசை அடங்கிற்று. அதிலிருந்து ஒவ்வொரு வரிசையாகச் சிரிப்பு அணைந்துகொண்டே போய், கடைசியில் வாசற்படியில் நின்றவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். நல்லையா பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்தார். ஆஸ்பத்திரியில் கட்டுத் துணியை மடிப்பதுபோல் நான்காக மடித்தார். நாற்காலியின் மேல் வைத்தார். நடுவிலிருந்த பாதை வழியாக, யார் முகத்தையும் பாராமல் வெளியே போனார்.

விசில் ஊதிற்று.

தியாகு தட்டிக்குள் பாய்ந்து, தயாராக வைத்திருந்த பெட்டியை எடுத்தான். சேதுராமனின் முகம் வெளுத்திருந்தது. "என்னடா காரியம் பண்ணின? பெத்த தகப்பனை…" என்று தொடங்கியவர், கையிலிருந்த விசிலைப் பார்த்தார். தியாகு நிற்காமல், வாசலில் இன்னும் காத்திருந்த வண்டிக்கு ஓடினான்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த மாமியாரும் மருமகளும் அவன் பாதி மீசையைக் கண்டு கிளுக்கென்று சிரித்தார்கள். முன்னால் இருந்த சீனத் தவுக்கே, யாரோ ஒரு கடை முதலாளி, அவர்கூடப் புன்னகைத்து இடம் விட்டார். ஹாஜா வண்டியைக் கிளப்பினார்.

நகரத்தை நோக்கிப் போகும் சாலையில், தோரணங்களின் கீழே, நல்லையா நடந்துகொண்டிருந்தார். வெயிலில் குடை இல்லை. நடையில் வேகமும் இல்லை. வழியில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த ஒருவர், ஆட்டத்துக்குப் போகாதவர், அவரை நிறுத்தி மகிழ்ச்சியோடு ஏதோ கேட்டார். மகனைப் பற்றித்தான் இருக்க வேண்டும். நல்லையா நின்று, தலையை அசைத்து, ஏதோ விடை சொன்னார்.

"அது உங்கப்பா இல்ல?" என்று ஹாஜா வேகத்தைக் குறைத்தார். "நிறுத்தவா, தம்பி? ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறியா?"

நிறுத்தினால் ஒரு வார்த்தையில் முடியாது என்பது தியாகுவுக்குத் தெரியும். மூவாரில் வரிசை நிற்கும். அதற்கப்பால் சாலையை மூடுவார்கள். இதை இழந்துவிட்டால், சற்றுமுன் அவரை ஊர் நடுவில் நிறுத்தி உரித்தது எதற்காக?

"போங்கண்ணே" என்றான். இருக்கையில் சரிந்து, தலை வெளியே தெரியாதபடி குனிந்துகொண்டான்.

மறுநாள் காலை அவன் தேர்வு எழுதினான். காதோரத்தில் மாவு ஒட்டியிருந்ததை மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். கந்தக அமிலம் கேட்கப்படவில்லை. கேட்கப்பட்டவற்றை வரிக்கு வரி எழுதினான். முடிவு வந்த நாளில் பலகையில் அவன் எண் இருந்தது. தேவதாஸ் நண்பர்களைக் கூட்டி அவனைத் தோளில் தூக்கிச் சென்றான். இறக்கிவிடும்படி தியாகு மன்றாடியதை அவர்கள் மிகவும் ரசித்தார்கள்.

அந்த ஆண்டு அவன் எந்த மேடையிலும் ஏறவில்லை. காஜா பேராங்கிலோ, அந்தப் பிற்பகல் வேறு விதமாக வளர்ந்துவிட்டது. அன்று கொட்டகையில் இருந்தவர்கள் வெட்கத்தால் அதைப் பேசாமல் விட்டார்கள். இல்லாதவர்கள் அதைத் தியாகுவின் மிகச் சிறந்த காமிக் என்று சொல்லத் தொடங்கினார்கள். கலியாண வீட்டில் "அந்த ஃபெயில் காமிக்கைச் செய் தம்பி" என்று கேட்டார்கள். அவன் மறுத்தபோது சிரித்தார்கள்.

தீபாவளிக்கு அவன் வீடு வந்தான். பேருந்து நிலையத்தில் யாரும் வந்து காத்திருக்கவில்லை. பின்கட்டில் நல்லையா குந்தியமர்ந்து, தம் காலணிகளுக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தார். தியாகு பெட்டியைக் கீழே வைத்தான். முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டு, புருவத்தை அடக்கிக்கொண்டு சொன்னான்.

"அப்பா, பாஸ் பண்ணிட்டேன்."

நல்லையா தலையை உயர்த்தினார். மகனின் முகத்தை, நெற்றி தொடங்கி வாய்வரை, பொறுமையாகப் பார்த்தார். நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கும் அதே குரலில், கோபமோ குத்தலோ கொஞ்சமும் இல்லாமல் கேட்டார்:

"இது நெசமா தம்பி, இல்ல காமிக்கா?"

"நெசம்தாம்ப்பா."

"சரி" என்றார் நல்லையா. பூசி முடித்த காலணியைச் சுவரோரம் வைத்துவிட்டு, அடுப்பங்கரையை நோக்கிக் குரல் கொடுத்தார். "விஜயா, கொஞ்சம் இங்க வா. இவன் என்னமோ சொல்றான், நீயும் கேளு."